தாம்பரத்திலிருந்து கோவளம்: குடும்பத்தோடு கடலுக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க வாப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் பயணச் செலவு, தங்கும் செலவு, மூன்று நாள் விடுப்பு எல்லாம் சேர்ந்து கொள்ளும். முழங்கால் வலியோடு இருக்கும் நன்னியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளில் வசிக்கும் குடும்பங்களுக்கு, மொத்தக் குடும்பமும் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஒரு சிறிய கடற்கரை ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தில் உள்ள கோவளம்.

மீனவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊர் இது. பள்ளிவாசலும் தர்காவும் மாதா கோவிலும் கடலோரத்திலேயே இருக்கின்றன. அதே கடல், அலட்சியமாக இருப்பவர்களைச் சில நொடிகளில் இழுத்துச் செல்லும் கடலும்கூட. எனவே இந்தக் கட்டுரையில் ஊரின் வரலாறு, போகும் வழி, தொழுகை, உணவு ஆகியவற்றோடு, கடலில் பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றியும் விரிவாகப் பார்ப்போம்.

சஆதத் பந்தர்

கோவளம் ஒரு காலத்தில் துறைமுகம். 1710 முதல் 1732 வரை கர்நாடக நவாபாக ஆற்காட்டிலிருந்து ஆண்ட சஆதத்துல்லாஹ் கானின் பெயரால் இந்தத் துறைமுகம் 'சஆதத் பந்தர்' என்று அழைக்கப்பட்டது. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும் வணிகம் செய்துகொண்டிருந்த காலம் அது. நவாபின் ஆட்சிப் பகுதிக்குச் சொந்தமான துறைமுகமாகக் கோவளம் இருந்தது.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் நகரின் பெயரில் இயங்கிய வணிகக் கம்பெனி ஒன்றும் இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் உரிமைப் பட்டயம் பெற்ற அந்தக் கம்பெனி, ஆங்கிலேய, டச்சு எதிர்ப்பால் பத்து ஆண்டுகள்கூட நிலைக்காமல் கலைக்கப்பட்டது. பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரமாகக் கோவளம் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அதை அவர்களிடமிருந்து பிடித்தார். கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் கர்நாடகப் போர்களில் ஒரு பக்கம் நம் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டரில் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போகலாம்.

நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அழைக்கப்படும் தர்கா இங்கே கடற்கரையை ஒட்டி உள்ளது. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். பிற சமயத்தவரும் வருவதுண்டு. ஜியாரத் பற்றி நம் சமுதாயத்தில் பல கருத்துகள் இருப்பது தெரிந்ததே. அது எப்படியிருந்தாலும், கோரமண்டல் கடற்கரையில் முஸ்லிம்களின் தொடர்பு எவ்வளவு பழையது என்பதற்கு இந்த ஊர் ஓர் அடையாளம்.

கைப்பேசி வரைபடத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் அருகிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கோவளம் என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றன. தங்கும் விடுதியை முன்பதிவு செய்கிறவர்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

போகும் வழி

தாம்பரத்திலிருந்து எளிய வழி, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வரை சென்று, இடப்புறம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் திரும்புவது. மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் சென்று, பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்தால் கோவளம் சாலை. மொத்தம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் இருப்பவர்கள் சோழிங்கநல்லூர் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். வழியில் முட்டுக்காடு பாலத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் தண்ணீர் தெரியும். பிள்ளைகளுக்கு அங்கேயே சுற்றுலா தொடங்கிவிடும்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு, தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் செல்லும் 515 எண் மாநகரப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. உம்மா, ராத்தா, மாமி, நன்னி என்று பெண்கள் அதிகமுள்ள குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம். திரும்பி வரும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரு சக்கர வாகனத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். விடுமுறை நாட்களில் அந்தச் சாலையில் கார்களின் வேகம் அதிகம். சனி, ஞாயிறு மாலையில் சென்னை நோக்கி நெரிசலும் மிக அதிகம். முடிந்தவர்கள் வார நாளில் செல்வது நல்லது. அதிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் சாலையும் காலியாக இருக்கும், கடற்கரையிலும் வெயில் ஏறியிருக்காது.

தொழுகையும் கிப்லாவும்

30 கிலோமீட்டர் பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாமா என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வரும். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹப் நூல்கள் கூறும் பயணத் தூரத்தை இன்றைய அளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்தக் கணக்கின்படி கோவளம் செல்பவர் தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும். இதைவிட மிகக் குறைந்த தூரத்திலேயே சுருக்கலாம் என்று கருதும் உலமாக்களும் உண்டு. காரில் உட்கார்ந்து வாதம் செய்வதைவிட, கிளம்புமுன் உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்வதே நல்லது.

வெள்ளிக்கிழமை செல்வதாக இருந்தால் ஜும்ஆ நேரத்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். கோவளத்தில் பள்ளிவாசல் இருப்பதால் ஆண்களுக்குச் சிரமமில்லை. ஆனால் பெண்களுக்கான தொழுமிடம் எல்லாப் பள்ளிவாசல்களிலும் இருப்பதில்லை. எனவே ஒரு பெரிய விரிப்பையும் முஸல்லாக்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை பெண்களும் குழந்தைகளும் வெயிலில் மணலில் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

உளூச் செய்யத் தண்ணீர் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. கடல் பயணத்தில் குடிநீர் குறைவாக இருக்கும்போது கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, அது தூய்மைப்படுத்தக்கூடிய நீர் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். திர்மிதி, அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் இந்தச் செய்தி உள்ளது. ஆகவே கடற்கரையில் தயம்மும் செய்ய வேண்டிய தேவையே எழாது. அலை வரும் இடத்தில் இறங்கி நிற்காமல், வாளியில் மொண்டு வந்து கரையில் செய்யுங்கள்.

கிப்லாவைப் பொறுத்தவரை, மேற்கு என்றுதான் பலரும் நிற்கிறோம். சென்னைப் பகுதியிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. கோவளத்தில் கடற்கரையின் கோடும் சற்றுச் சாய்ந்தே போவதால், கடலுக்கு நேராக முதுகு காட்டி நின்றால் ஏறக்குறைய கிப்லாவை நோக்கி நின்றுவிடுகிறோம். பிள்ளைகளிடம் திசைகாட்டியைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நல்ல பாடமாக இருக்கும்.

நம் கடற்கரையில் சூரியன் கடலில் உதிக்கும், தரையில் மறையும். நவம்பர் கடைசியில் மாலை 5.40 மணியளவிலேயே மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.40 ஆகிவிடும். குளிர்காலத்தில் செல்பவர்கள் அஸர் முடிந்து விளையாட ஒரு மணி நேரம்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மஃக்ரிப் பாங்கு கேட்டால் பிள்ளைகள் அனைவரும் தண்ணீரைவிட்டு வெளியே இருக்க வேண்டும் என்பதைக் குடும்ப விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இருட்டில் கடலுக்குள் நிற்கும் தலை கரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

மீனா, நண்டா, இறாலா?

கோவளம் சென்று மீன் சாப்பிடாமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. சுற்றுவட்டாரத்தில் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி கிடைக்கும். முட்டுக்காடு காயலில் மடவையும் இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களில் நண்டும் கணவாயும் வழக்கமான உணவு. தமிழகக் கடலோர முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபிஈக்களே. ஹனஃபி மத்ஹபில் கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. நண்டும் கணவாயும் மீன் வகையில் சேராது. இறால் மீன் இனமா இல்லையா என்பதில் இந்திய ஹனஃபி உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகுமானது என்று கூறி உண்பவர்கள் பலர். மேலும், தானாகவே செத்து மிதக்கும் மீனையும் ஹனஃபிகள் தவிர்ப்பார்கள். தாம்பரம் பகுதியில் ராவுத்தர், மரைக்காயர், உருது பேசும் குடும்பங்கள் எல்லாம் சம்பந்தம் செய்துகொண்டு வாழ்கிறோம். ஒரே விரிப்பில் ஒரு தட்டில் நண்டும் மறு தட்டில் வஞ்சிரமும் இருப்பது சண்டைக்குரிய விஷயம் இல்லை. இது மத்ஹப்களுக்கிடையே உள்ள நெடுங்கால வேறுபாடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உணவகங்களில் கோழி, ஆட்டிறைச்சி என்றால் ஹலாலாக அறுக்கப்பட்டதா என்று கேளுங்கள். மீன் வறுக்கும் எண்ணெயில் வேறு இறைச்சியும் வறுக்கிறார்களா என்பதையும் கேட்பதில் தவறில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் இந்தத் தடை விதிக்கப்படுகிறது. கோடை விடுமுறையும் அதே நேரத்தில்தான் வருகிறது. எனவே அப்போது பெரிய மீன்களின் வரத்து குறைந்து, விலை ஏறியிருக்கும். பேரம் பேசுமுன் இதையும் மனதில் வையுங்கள்.

வீட்டிலிருந்தே தேக்சாவில் பிரியாணி கட்டிக்கொண்டு போகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. செலவு மிச்சம்தான். ஆனால் அதற்காக இரவு இரண்டு மணிக்கு எழுந்து வெங்காயம் வெட்டுவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் கடலைப் பார்க்க வரும் உம்மா, அங்கும் பரிமாறிவிட்டுப் பாத்திரம் கழுவித் திரும்பினால் அவர்களுக்கு அது விடுமுறை ஆகாது. சமையலை ஆண்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள், அல்லது அன்று ஒரு நாள் வெளியே சாப்பிடுங்கள்.

கடலை அறிந்து இறங்குங்கள்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. உலகம் முழுவதும் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். 'கள்ளக்கடல்' எனப்படும், வெகுதொலைவிலிருந்து வரும் பேரலைகளுக்கான எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரம் அது. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலேயே கடல் திடீரென்று பொங்குவதால்தான் அதற்கு அந்தப் பெயர். படித்தவர்கள், இளைஞர்கள், உடல் வலுவுள்ளவர்கள் என்று கடல் பார்ப்பதில்லை.

கரையில் ஆளை இழுப்பது பெரும்பாலும் பெரிய அலை அல்ல. 'இழுவை நீரோட்டம்' என்பதே பல உயிர்களைப் பறிக்கிறது. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு இடையில் உள்ள பள்ளம் வழியாக அது ஓர் ஆறு போலக் கடலை நோக்கிப் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. இரு பக்கமும் வெண்நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக, சற்றுக் கலங்கலாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்குவோம்" என்று நாம் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்த இடத்தைத்தான்.

இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. அதன் வேகத்தை நீச்சல் வீரர்களாலும் வெல்ல முடியாத நேரங்கள் உண்டு. சோர்ந்து மூழ்குவது அதனால்தான். அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டு போகிறது. எனவே பதறாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையின் அகலத்தைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

குடும்பத்தோடு செல்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. உயிர்காப்பாளர் பணியில் இருக்கும், குளிக்க அனுமதிக்கப்பட்ட பகுதியில் மட்டும் இறங்குங்கள். கோவளம் கடற்கரை 2021இல் 'நீலக் கொடி' சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு, நீரின் தூய்மை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் உள்ளிட்ட 33 விதிகளைப் பார்த்து இச்சான்றை அளிக்கிறது. அந்தப் பகுதியை விட்டு ஆளில்லாத ஓரத்தைத் தேடிப் போகாதீர்கள்.

2. ஒரு பெரியவரைக் கண்காணிப்பாளராக நியமியுங்கள். கைப்பேசி அவர் கையில் இருக்கக் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்தாது, கையை ஆட்டாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும்.

3. சிறு பிள்ளைகளுக்குக் கணுக்கால் அளவு, பெரியவர்களுக்கு முழங்கால் அளவு. அதற்கு மேல் வேண்டாம். நம் கரையில் அலை உடையும் இடத்திலேயே தரை சட்டென்று சரிந்து ஆழமாகும்.

4. புர்கா, சேலை, சுடிதார், லுங்கி எதுவாக இருந்தாலும் நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றிக்கொள்ளும். அந்த உடையோடு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அலைக்குள் நிற்காதீர்கள். உடலை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது கிடைக்கின்றன. லெபனானில் பிறந்த ஆஸ்திரேலிய முஸ்லிம் பெண் அஹெதா ஸனெட்டி 2004இல் வடிவமைத்த புர்கினி அவற்றில் பெயர் பெற்றது.

5. ஒருவர் மூழ்கினால் அடுத்தவர் குதிக்காதீர்கள். ஒரே குடும்பத்தில் இருவர், மூவர் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். மூடிய காலி தண்ணீர் கேன், பந்து, கயிறு, முடிந்து நீட்டிய துப்பட்டாக்கள் என்று மிதப்பதையோ பிடித்துக்கொள்ள ஏதுவானதையோ வீசுங்கள். உயிர்காப்பாளரையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள்.

6. வெளியே எடுத்தவரின் வயிற்றை அழுத்துவதும், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். உடனே 108ஐ அழையுங்கள். கடலோரப் பாதுகாப்புக்கு 1093, பொது அவசர உதவிக்கு 112.

7. கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்கவோ படம் எடுக்கவோ நிற்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். கிளம்புமுன் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கை ஏதும் செய்தியில் வந்துள்ளதா என்று பாருங்கள்.

நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற நபிமொழியை நாம் அறிவோம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அலட்சியமாக இருப்பதற்கு அதில் எந்த அனுமதியும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பெருநாளுக்கு மறுநாள் நண்பர்களோடு கடலுக்குக் கிளம்பும் வாலிபப் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு வீட்டுப் பெரியவர்களுக்கும் மஹல்லாவுக்கும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது. தென்சென்னைக்காரர்களுக்கு வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் பற்றி நேரில் கேட்டறியுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளையும் கடலில் கவனமாகவே இருக்க வேண்டும். குளம் வேறு, கடல் வேறு.

வெயில் ஏறிய பின்

காலை பத்து மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கிவிடும். பகல் நேரத்தைக் கழிக்க அருகிலேயே இடங்கள் உள்ளன.

முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இயங்குகிறது. படகில் ஏறும்போது எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மிதவை அங்கி போட்ட பிறகே கிளம்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள தக்ஷிணசித்ராவில் தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். 1996இல் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டைப் பார்த்திராத அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நல்ல இடம். நன்னி தன் பிறந்த ஊர் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

கோவளத்துக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. அழிந்துகொண்டிருந்த இந்திய முதலை இனங்களைக் காக்க 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் தொடங்கியது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஸாய். இங்கே திங்கட்கிழமை விடுமுறை. அதே சாலையில் நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள முதல் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024இலும் செயல்பாட்டுக்கு வந்தன. வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் இந்தக் கடலுக்கும் தொடர்பு இருக்கிறது.

இன்னும் தெற்கே போக நேரமிருந்தால் மாமல்லபுரம். பல்லவர் காலக் கல் சிற்பங்களுக்காக 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர். தொல்லியல் துறையின் சின்னங்களைப் பார்க்க 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதையும் தாண்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும், எழுத்து செதுக்கிய பழைய கல்லறைகளும் இருக்கின்றன. பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் நிலையைப் பாருங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஒரு காலத்தில் கப்பல்களும் பீரங்கிகளும் நின்ற இடத்தில் இன்று ஆடு மேய்வதைப் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் முதியோரும் குழந்தைகளும் களைத்துப் போவார்கள். கடலோடு சேர்த்து ஓரிடம் போதும்.

அது மற்றவர்களின் ஊர்

நமக்குச் சுற்றுலாத் தலமாக இருக்கும் மணல், அங்கே வசிப்பவர்களுக்கு வேலை செய்யும் இடம். வலை காயவைத்திருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படகுகளின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். மீனவப் பெண்களிடம் நூறு ரூபாய் மீனுக்கு அரை மணி நேரம் பேரம் பேசி, விடுதியில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவது நியாயமாகாது. கடலில் ஆபத்து என்றால் முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான்.

பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் புட்டி, குழந்தையின் டயப்பர் எதையும் மணலில் புதைக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையோரம் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும் காலம். நாம் போடும் நெகிழிப் பை கடலுக்குள் போய் ஆமையின் வயிற்றில் சேர்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத்தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். குப்பைக்கென ஒரு பெரிய பையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது அந்தக் கல்வியின் மிக எளிய செயல்முறை.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: குடிநீர், தொப்பி அல்லது குடை, மாற்று உடை, விரிப்பு, முஸல்லா, முதியோரின் மருந்துகள், மடக்கு நாற்காலி ஒன்று, கயிறு ஒன்று, குப்பைப் பை. சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள், பிறகு கடைப் பக்கம்.

வண்டியில் ஏறியதும் பயண துஆவை ஓதுங்கள். திரும்பி வர ஏறும்போது தலைகளை எண்ணிச் சரிபாருங்கள். இன்ஷா அல்லாஹ், போன அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்து, உடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு இஷா தொழுது படுத்தால், அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தது என்று பொருள்.